கூட்டத்தில் ஒதுங்குகிறவர்

“கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர். மனதில் இருப்பதை யாரிடமும் சொல்லாதவர்.” கல்லூரி கேண்டீனின் நட்டநடுவில் நின்று, கடைசி மேசைவரை கேட்கும்படி ருமைசா தன் ரிசல்ட்டை வாசித்தாள். “சொல்லுங்கப்பா, இது நானா?”

கேண்டீனே சிரித்தது. சிரிக்காதவள் அவள் தோழி பானுப்ரியா மட்டும்தான். அவளுக்கு விஷயம் தெரியும்.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வரவேற்பு மேசை வேலைக்கு ஆள் எடுக்கிறது. நாளை மறுநாள் இன்டர்வியூ. அதற்கு முன்னால் ஆளுமைத் தேர்வு என்று ஒன்றை வைத்து, ‘கலகலப்பானவர்’ என்று வருகிறவர்களை மட்டும் அனுப்புகிறார்கள். மூன்று வருடமாகக் கல்லூரியில் ஒரு மேடையையும் விட்டுவைக்காத ருமைசாவுக்கு வந்திருப்பது ‘தனிமை விரும்பி’. வயிறு எரியாதா பின்னே?

போன வாரம் தேர்வு நடந்த லட்சணமே ஒரு கூத்து. எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டு சப்மிட்டை அழுத்தினால், நெட் சுற்றிக்கொண்டே நின்றது. “சப்மிட் ஆகாதவங்களுக்கு போன்ல லிங்க் தானா வரும், எழுந்திரிங்க” என்று எல்லோரையும் லேபிலிருந்து கிளப்பிவிட்டார்கள். ருமைசாவுக்கு லிங்க் எதுவும் வரவில்லை. அப்படியானால் தன் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டாள்.

மதிய வகுப்பை விட்டுவிட்டு வேலைவாய்ப்புப் பிரிவு ராசாங்கம் சாரிடம் போனாள். வகுப்புக்கு வரவில்லை என்று சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அத்தாவுக்கு மெசேஜ் பறக்கும். கல்லூரியில் கொடுத்திருப்பது அவர் நம்பர்தான். பறந்தால் பறக்கட்டும்.

“சார், எனக்குத் தப்பா வந்திருக்கு. இன்னொரு தடவ எழுத வைங்க.”

சார் கம்ப்யூட்டரை விட்டு நிமிரவில்லை. “பத்து தடவ எழுதுனாலும் இதேதாம்மா வரும். பெரிய பெரிய கம்பெனிக்காரனே இதத்தான் நம்புறான்.”

“ஒரே மாதிரி வந்தா சரின்னு ஆயிடுமா சார்? எங்க வூட்டு எடை மெஷின் எப்பவும் அம்பது கிலோதான் காட்டும். எங்கம்மா ஏறுனாலும் அம்பது, எந்தம்பி ஏறுனாலும் அம்பது. அதையும் நம்புவீங்களா?”

“வாய் மட்டும் நல்லா நீளுது. ‘சிரித்துப் பேசியே உள்ளிருப்பதை மறைப்பவர்’னு இதுலயே போட்டிருக்கு பாரு.”

பேசினால் மறைக்கிறாள், பேசாவிட்டால் ஒதுங்குகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவைச் சாத்துகிற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மனுஷர் சாவகாசமாக டீ குடித்தார்.

“கடைசி வரியப் படி. ‘இருக்கும் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று தினமும் நினைப்பவர்.’ ஒன்ன அனுப்பி, ஒரே மாசத்துல நீ ஓடி வந்துட்டா, அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்காரன் நம்ம பக்கம் எட்டிப் பாப்பானா? போம்மா, போய்ப் படிக்கிற வேலையப் பாரு.”

வெளியே காத்திருந்த பானுப்ரியாவும் சேர்ந்துகொண்டாள். “தப்பா நெனைக்காதடி. போன வருஷம் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போயிட்டு வரப்ப, நீ பஸ்ஸுல யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசலையே. ஒருவேள உள்ளுக்குள்ள நீ அப்படித்தானோ என்னவோ.”

“எனக்கு அன்னிக்கு வாந்தி வந்துச்சுடி.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆளாளுக்குச் சொன்னதில் ருமைசாவுக்கே சந்தேகம் தட்டிவிட்டது. நிஜமாகவே நடிக்கிறோமோ? இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் வேஷமா? தன் குணத்தைத் தானே இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலைமை வந்ததே என்று அழுகையும் ஆத்திரமுமாக முட்டியது.

போன் அடித்தது. அத்தா அப்துல் லத்தீப்.

“என்னம்மா, மதியம் கிளாஸுக்குப் போகலையாம்ல?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். அவள் பிறந்ததிலிருந்து தம்மாமில் இருக்கிறார். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், “எனக்கென்னம்மா கொறச்சல், அல்ஹம்துலில்லாஹ், ரூமுல தெனமும் கல்யாண வூடுதான்” என்பார்.

ருமைசா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தும் காட்டினாள். “பலர் நடுவில் இருந்தாலும் தனியாக உணர்கிறவர். கஷ்டத்தை வீட்டாரிடம் சொல்லாதவர். இருக்கும் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று தினமும் நினைப்பவர். கேட்டீங்களா அத்தா, இதப் போட்டு என் பேர அடிச்சுட்டாங்க.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

“அத்தா, இருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க, இது நானா?”

“நீ இல்லம்மா.” அவர் குரலில் சிரிப்பைக் காணோம். “அந்த சார்கிட்ட நான் பேசறேன், நீ அழுவாத. போன வாரம் காலேஜுலேர்ந்து ஒரு லிங்க் வந்துச்சு. எப்பவும் போல பெத்தவங்களத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார்.

“என்னப் பத்திப் போட்டுட்டேம்மா.”