அரிசிக்குள் புதைத்த படம்

மல்வேர்ன் பகுதியிலிருந்த தன் வீட்டு வாசலில் இரண்டு ராணுவச் சீருடைகளை யன்னலால் கண்டதும் யோகமலர் திரைச்சீலையை இழுத்து மூடினாள். சுவரில் தொங்கிய மகன் பிரியந்தனின் சீருடைப் படத்தைக் கழற்றிக் குசினி அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? இது கனடா," என்றாள் மகள் அட்சயா.

"எங்கயும் ஆமி ஆமிதான். நீ வாயைத் திறவாதை."

யாழ்ப்பாணத்தில் ஆமி தேடி வந்தபோது தன் தம்பியின் படத்தையும் இப்படித்தான் ஒளித்தாள். அப்படியொருவன் இல்லவே இல்லையென்று சாதித்துத்தான் அவனைக் காப்பாற்றினாள்.

கதவைத் திறந்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். "பிரியந்தனின் அம்மா நீங்கள்தானே?"

"எனக்கு மகன் இல்லை," என்று கையை விரித்துவிட்டு மகளிடம் திரும்பினாள். "இவருக்குச் சொல்லு பிள்ளை."

அட்சயா அந்தத் தொப்பியையே பார்த்தபடி சுவரில் சாய்ந்தாள்.

"உங்கள் மகன் எங்கள் சிப்பாய், அம்மா." அதிகாரியின் குரல் தாழ்ந்தது. "ஈராக்கில் இன்று காலை குண்டு வெடித்தது..."

பிரியந்தன், "நேட்டோ படை இப்ப அங்க சண்டைக்குப் போறேல்லை அம்மா. பயங்கரவாதியளைச் சமாளிக்க அந்த நாட்டு ஆமியைப் பழக்கிறதுதான் வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் கனடியச் சீருடையில் பிளேன் ஏறியிருந்தான்.

யோகமலர் குசினிக்கு ஓடினாள். வாளி அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி நிலத்தில் கொட்டினாள். நல்ல ஆழத்தில்தான் புதைத்திருந்தாள்.