சாகாத சிப்பிகள்

"இன்னிக்கும் ஒண்ணுகூடச் சாகலையா? நல்லா எண்ணிப் பார்த்தியாம்மா?"

போனில் கேட்ட பேராசிரியரின் குரலில் ஒரு சாவுக்காவது வழியில்லையா என்ற ஏக்கம் இருந்தது.

"மூணு தடவை எண்ணிட்டேன் சார். நாப்பதும் உசுரோட இருக்கு. லேசா வாயைத் திறந்து வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க."

நாற்பதும் சிப்பிகள். கடல் இப்படியே சூடேறிக்கொண்டு போனால் அவற்றின் கதி என்ன என்று பார்க்கத்தான் அவள் இந்தக் கடலாய்வு நிலையத்துக்கு வந்திருந்தாள். வழிச்செலவு, தங்கும் அறை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு நிதியம் பார்த்துக்கொண்டது. மொத்தம் பதினான்கு நாள். இன்று பதினான்காவது நாள். மதியம் இரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும்.

விஷயம் இதுதான். முப்பத்து நான்கு டிகிரி சூட்டில் மற்ற கரைகளின் சிப்பிகள் ஒரு வாரத்துக்குள் மண்டையைப் போட்டுவிடும். இந்தக் கரைச் சிப்பிகள் மட்டும் சாகவில்லை என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த ஒரு விஞ்ஞானி எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஐந்தாறு பேர் நிதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள், சிப்பியைச் சூட்டுத் தொட்டியில் போடுகிறார்கள், சாகவில்லையே என்று மூக்கில் விரலை வைத்துவிட்டுப் போகிறார்கள். காரணம்தான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"சாகலைன்னு சொல்ல பன்னெண்டு வருஷமா ஆள் இருக்கு" என்றார் பேராசிரியர். "ஏன் சாகலைன்னு சொல்றவங்களுக்குத்தான் நிதியம் தர்றதாச் சொன்ன அந்த மூணு வருஷ வேலை. இப்ப இருக்கற வேலை உனக்கு இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

மறக்கிற விஷயமா அது? அவள் போனை வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் கன்னத்தை ஊன்றிக்கொண்டாள்.

என்னதான் செய்யவில்லை அவள்? வெப்பமானியை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டாள். தண்ணீரைச் சோதித்துவிட்டாள். தீவனப் பாசியைக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாயிற்று. நாற்பது போக உபரியாகத் தொட்டியில் போட்டிருந்த ஒரு சிப்பியை நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு திறந்தும் பார்த்தாள். பதின்மூன்று நாள் வெந்நீரில் கிடந்த சதையா அது? அப்போதுதான் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்ததுபோல் திண்ணென்று இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன மேடம், முகம் வாடிக் கிடக்கு? தொட்டியில ஏதாவது குறையா?"

ரப்பர் பூட்ஸ் சப்திக்க உள்ளே வந்தார் தொட்டியண்ணன். நிலையத்தின் அத்தனை தொட்டிகளும் அவர் பொறுப்பு. கண்ணாடியில் ஒரு கைரேகை விழுந்தால்கூட அவருக்குப் பொறுக்காது.

"ஒரு குறையும் இல்லண்ணே. அதான் இங்க பெரிய குறை."

"புரியலையே மேடம்."

"எனக்கும்தான் புரியல" என்று சிரித்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள். ஆய்வறிக்கையில் பராமரிப்பு முறை என்று ஒரு பத்தி பாக்கி இருந்தது. யாரும் படிக்காத பத்திதான். இருந்தாலும் எழுதித்தானே ஆக வேண்டும்?

"நான் வர்றதே எட்டரைக்கு. அதுக்கு முன்னாடி நீங்க இங்க தினம் என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லுங்கண்ணே."

தொட்டியண்ணன் கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கண்கள் லேசாகக் கலங்கின.

"எத்தனையோ பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர்கூட என்கிட்ட இதைக் கேட்டதில்ல மேடம்."

அவளுக்குத் திடுக்கென்றது. பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூடவா? பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில அஞ்சு மணிக்கு வந்துடுவேன். முதல்ல வடிகட்டியைக் கழட்டி அலசுவேன்."

"எதுல அலசுவீங்க?"

"கடல் தண்ணியிலதான். சோப்பு கீப்பு எதுவும் கிடையாது. அப்புறம் சூட்டுக் கம்பியில உப்பு படிஞ்சிருக்கும், துடைப்பேன். முப்பத்து நாலு காட்டுதான்னு பார்த்துக்குவேன்."

"தீவனம்?"

"தொட்டிக்கு ஒரு குவளை பாசித் தண்ணி."

"சூட்டுத் தொட்டிக்கும் அதே அளவா? கொஞ்சம் கூட, குறைச்சல்?"

"ஓரவஞ்சனையெல்லாம் நம்மகிட்ட கிடையாது மேடம்."

இதிலும் ஒன்றுமில்லை. எல்லா நிலையத்திலும் நடப்பதுதான். மூன்று வருட வேலை கண்ணெதிரே கைநழுவிப் போவது தெரிந்தது.

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான். மத்தபடி வழக்கமான சுத்தம்தான்."

"சுத்தம்னா? தரையா, கண்ணாடியா?"

"இல்ல மேடம், உள்ள. சூட்டுத் தொட்டியில ராத்திரிக்கு நாலஞ்சு செத்துப் போயிடும். அதுங்களை எடுத்துப் போட்டுட்டு, பாறைப் பக்கம் போய் அதே அளவாப் பார்த்துப் புதுசு கொண்டுவந்து, நீங்க ஒட்டின நம்பரை உரிச்சு அதுங்க மேல ஒட்டி வச்சுடுவேன்" என்றார் தொட்டியண்ணன், நெஞ்சை நிமிர்த்தி. "வர்ற விருந்தாளிங்க கண்ணுல செத்தது படவே கூடாதுன்னு எங்க பழைய டைரக்டர் போட்ட உத்தரவு. பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்ல மேடம்!"