உப்பாத ரொட்டி

"கல்லுடி, கல்லு! இதைப் பிரெட்டுன்னு சொன்னா பிரெட்டுக்கே ரோஷம் வரும்!"

மில் சூப்பர்வைசர் பிரெட் மெஷினின் பாத்திரத்தைக் கவிழ்த்து உதறினார். ரொட்டி 'தொம்'மென்று மேடையில் விழுந்தது. செங்கல் கெட்டது போங்கள், அந்த லட்சணத்தில் இருந்தது.

"மாமா, வீடு கட்டுறவங்க யாருக்காவது வித்துடலாமே" என்றான் மச்சினன், ஷூவுக்குள் காலைத் திணித்தபடி.

"டேய், வாயைக் கிளறாதே! கொலைவெறியில இருக்கேன்."

"நீ சும்மா இருடா" என்று தம்பியை அதட்டினாள் அவர் மனைவி. "மனுஷன் ராத்திரி பகலா பாடுபடுறாரு, உனக்கு நக்கலா இருக்கா?"

அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ரொட்டியை உப்பவைக்கத் தினமும் மாவும் தண்ணீரும் ஊட்டி அவர் வளர்க்கிற புளித்த மாவு, ஜாடியில் நுரைத்துப் பொங்குகிறது. அதில் கொஞ்சம் எடுத்து மைதாவோடு மெஷினில் போட்டால் அழகாகப் பிசைந்தும் கொடுக்கிறது. ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிட்டு, காலையில் பட்டனை அழுத்திச் சுட வேண்டியதுதான். ஆனால் காலையில் மூடியைத் திறந்தால், மாவு ஒரு விரல்கூட உப்பாமல் சப்பென்று கிடக்கிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்!

"ராத்திரி பூரா ஊறின மாவுடி. ஒரு புளிப்பு வாசனையாவது வர வேண்டாமா? மெஷினை வித்தவன் என் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்!"

"வேணும்னா வேற மெஷின் வாங்கிப் பார்க்கலாங்க. மனசை விட்டுடாதீங்க."

"மெக்கானிக் பார்த்துட்டு மெஷின் நல்லாத்தான் இருக்குங்கிறான். அவன் மூஞ்சியும் மொகரையும்!"

"அப்ப இன்னிக்கு மேனேஜர்கிட்ட வேலையை விடப்போறேன்னு சொல்லலையா மாமா?" என்றான் மச்சினன், மெதுவாக.

அதுதான் விஷயம். வேலையை உதறிவிட்டுப் பேக்கரி வைப்பதென்று சூப்பர்வைசர் ஒற்றைக் காலில் நின்றார். குடியிருப்பதோ மில் குவார்ட்டர்ஸ். வேலை போனால் மறுநாளே சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருஷம். மனைவி சண்டை போட்டாள், அழுதாள், பட்டினிகூடக் கிடந்தாள். "நான் முடிவு பண்ணிட்டேன், யாரும் குறுக்கே வராதீங்க" என்றுவிட்டார் மனுஷன். அப்புறம் என்ன நினைத்தாளோ, அவளும் அவர் பக்கமே சாய்ந்துவிட்டாள். கடைசியில் அவரே ஒரு கெடு வைத்தார். இன்றைக்கு ரொட்டி உப்பினால் வேலையை விடுவது, உப்பாவிட்டால் பேக்கரிப் பேச்சையே விடுவது.

"இல்லடா! சொல்லலை! போதுமா? உங்களுக்கெல்லாம் குளுகுளுன்னு இருக்குமே!"

ரொட்டியைக் குப்பைக்கூடையில் ஓங்கி எறிந்தார். கூடை சாய்ந்து உருண்டது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு படியிறங்கினார். மச்சினன் சத்தமில்லாமல் பின்னாலேயே நழுவி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. "நீயுமா?" என்று அதையும் திட்டினார். திட்டியதும் என்னவோ போலாகிவிட்டது. ஊரே சிரித்தபோது தன்னை நம்பினவள் அவள் ஒருத்திதான். அவளிடமும் எரிந்து விழுந்துவிட்டு வந்தாயிற்று. ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று மறுபடி மாடி ஏறினார்.

கதவு அறைந்த வேகத்தில் பூட்டிக்கொள்ளாமல் திரும்பித் திறந்து கிடந்தது. வீடு முழுக்கப் புளிப்பு வாசனை. இத்தனை நாளும் மெஷினிலிருந்து வரவே வராத வாசனை!

படுக்கையறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பக்கெட்டை இழுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள் அவள். மூடியைத் தள்ளிக்கொண்டு, பொதபொதவென்று விளிம்புக்கு மேல் எழும்பி நின்றது மாவு. அதைக் குப்பைப் பையில் வழித்துப் போட்டவள், நிமிர்ந்து அவரைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தாள்.

"அடிப்பாவி! அப்போ மெஷின்ல இருந்தது என்னது?"

"நீங்க தூங்கினதும் தினம் நான் மாத்தி வைக்கிற மாவு. வெறும் மைதாவும் தண்ணியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் நாள் ராத்திரியே உங்க கைக்கு மாவு இவ்வளவு நல்லா உப்பி வந்ததைப் பார்த்துத்தாங்க பயந்துட்டேன்."