முதல் வாக்கியத்தில் செய்தி

சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தபோது மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே கிளம்புகிறவர்போலச் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்திருந்தேன். அவருடைய ஒரே மகள், என் மனைவி, அன்று விடிந்த பிறகு இறந்துபோயிருந்தாள். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொல்வது என்பது எனக்கு மனப்பாடம். சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஒரு பெயின்ட் கம்பெனியின் வாசலில், வருகிறவர்களுக்கு அடையாள அட்டை மாட்டிவிடும் வேலையில் சேர்ந்தவள். பிறகு பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதினாள். முதலாளி சொன்னதாக அச்சில் வந்த நல்ல வார்த்தையெல்லாம் இவள் எழுதியது. கிடங்கு தீப்பிடித்த அன்று முதலாளி கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மைக்குகளுக்கு முன்னால் இவள் போய் நின்றாள். அதன் பிறகு மக்கள் தொடர்புத் துறைக்கே தலைவி.

ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் மாமனார் ஒரே வாழ்த்துத்தான் வைத்திருந்தார். "எல்லார்கிட்டயும் பேசுறதுக்குச் சம்பளமா? உங்கம்மா ஆயுசு பூரா சும்மாவே பண்ணினாளேம்மா!"

ஒத்திகை பார்க்காமல் அவள் யாரையும் மைக்கின் முன்னால் விட்டதில்லை. தானே நிருபராகி, கேள்விமேல் கேள்வியாகக் குடைவாள். முதலாளிக்கே வியர்த்துவிடும்.

என்னையும் விடவில்லை. டாக்டர் கைவிரித்த வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே தன் அப்பாவாக மாறினாள். இல்லாத மீசையைத் தடவிக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை, முகம் ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கு?"

"மாமா... அவளுக்கு நிலைமை கொஞ்சம்..."

"இழுக்காதீங்க. முதல் வாக்கியத்துலயே செய்தி வந்துடணும். சுத்தி வளைச்சா அப்பா நெஞ்சு தாங்காது. 'போயிட்டா'ன்னும் சொல்லாதீங்க, எங்கேன்னு கேப்பாரு. ம், திரும்பச் சொல்லுங்க."

'இறந்துட்டா' என்ற சொல் என் வாயில் வராது என்றேன்.

"வர வைப்போம்" என்றாள்.

எத்தனை முறை சொன்னேனோ. கடைசியில் ஒருநாள் குரல் உடையாமல் வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. இதுவே போகட்டும்" என்றாள், அறிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்கிறவள்போல.

இப்போது மாமனாரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, இன்னைக்குக் காலைல அவ இறந்துட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். கடைசியில வலி இல்ல."

அவர் எழவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தி வாசிக்கிற பெண்ணைக்கூட ஒரு வாக்கியம் முடிக்க விடாத மனிதர், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நான் வாயை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். "நல்லா சொன்னீங்க மாப்பிள்ளை. போன வாரம்வரைக்கும் திக்கினீங்களாமே?"

எனக்குப் புரியவில்லை.

"என்கிட்டயும் ஒத்திகை பாத்தா, போன்ல. உங்களை மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுவா. எனக்குச் சிரிப்பு வந்துடும். சிரிச்சா திரும்ப மொதல்லேருந்து. எனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்தா. நீங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் அழக் கூடாது. 'அவரு பாவம்ப்பா, நீங்க அழுதா பாதியில நிறுத்திடுவாரு'ன்னா."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நான் அவருடைய தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் தொட்டதில்லை.

மாடி வீட்டில் யாரோ மேசையை நகர்த்தினார்கள். குளிர்சாதனப் பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கப்புறம் நாம என்ன பண்ணணும்னு சொன்னாளா?"

"இல்ல மாமா. உங்ககிட்ட?"

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.