மறுபடியும் ஒரு ஃபைலைக் காணோம்

"இது தானா கெட்டுப் போகலை சார். யாரோ வேணும்னே பண்றாங்க" என்றான் ராஜகோபால்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், விண்டோஸுக்கு வேண்டிய ஒரு ஃபைலைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போன தடவை வேறொரு ஃபைல். அதற்கு முந்தின தடவை இன்னொன்று.

முனிரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரோம்பேட்டையில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். விண்டோஸ் 95 வந்த புதிதில், கடைக் கணக்குக்கென்றும் கம்ப்யூட்டர் படித்த மகள் கனகவல்லிக்கென்றும் இந்த மெஷினை வாங்கி வீட்டு ஹாலில் வைத்திருந்தார்.

"வேணும்னு யாரு தம்பி பண்ணுவாங்க? எனக்கு இதை ஆன் பண்ணவே தெரியாது. கனகா மட்டும்தான் இதுல உட்காருவா."

காபியோடு வந்த கனகவல்லி டம்ளரை வைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டாள். ராஜகோபாலுக்குச் சந்தேகமே அவள் மேல்தான்.

தாம்பரத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி சிட்டிபாபு காலையில் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "வாரண்டி முடியறதுக்குள்ள புது மெஷின் கறக்கப் பார்க்கறாங்கப்பா. இல்லேன்னா உனக்கு வேலை தெரியலை. ரெண்டுல எதுன்னு இன்னிக்குப் பார்த்துட்டு வா. இன்னொரு தடவை அந்த வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு, நீ ஆபீஸ் பக்கமே வர வேணாம்."

சர்வீஸ் இன்ஜினீயர் என்று பெயர்தான் பெரியது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவன் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஃபிளாப்பியைச் செருகி ஸ்கேன்டிஸ்க்கை ஓடவிட்டான். டிஸ்க்கில் எங்கேயாவது பழுது இருக்கிறதா என்று அது மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்க்கும். திரையில் மஞ்சள் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும். அது முடிகிறவரை இன்ஜினீயருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

பேச்சுக் கொடுக்க அந்த வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் என்றால் வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிற காலம் அது. முதல் தடவை திருநீர்மலையிலிருந்து ஒரு மாமா வந்திருந்தார். அப்புறம் பல்லாவரம் சித்தப்பாவும் சித்தியும். இன்றைக்கு முனிரத்தினத்தின் அக்கா கங்கம்மா, வெற்றிலைப் பையோடு கீழ்க்கட்டளையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். நாற்காலியை இழுத்து, மானிட்டருக்குப் பக்கத்தில் அவனுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள்.

"இன்னா தம்பி, இது முடிய எம்மா நேரம் ஆவும்?"

"ஆகும்மா. பொறுமையாத்தான் பார்க்கணும்."

"பொறுமை கீதா உனுக்கு?"

"இந்த வேலைக்கு வந்தா தானா வந்துரும்மா."

கங்கம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "வூட்ல யார் யார் கீறாங்க?"

"அம்மா, அப்பா, ஒரு தங்கச்சி."

போன தடவை சித்தியும் இதையேதான் கேட்டார். கம்ப்யூட்டரைப் பற்றி இவர்களுக்குக் கேட்க வேறென்ன தெரியும் என்று ராஜகோபால் நினைத்துக்கொண்டான்.

ஸ்கேன்டிஸ்க் ஒருவழியாக முடிந்தது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. காணாமல் போன ஃபைலை ஃபிளாப்பியிலிருந்து எடுத்துப் போட்டதும், வானமும் மேகமுமாக விண்டோஸ் வந்து நின்றது. அவனுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று துணிந்து ஆரம்பித்தான். "புது மெஷின்தான் வேணும்னா நேராவே சொல்லிடுங்க. முதலாளி கால்ல விழுந்தாவது மாத்திக் குடுக்கறேன். அப்புறம் நான் இங்க வர வேண்டிய அவசியமே இருக்காது."

முனிரத்தினம் பதறிப்போனார். "புதுசெல்லாம் எதுக்குப்பா? இதுவே இருக்கட்டும். நீ வந்து கை வச்சா சரியாயிடுது இல்ல?"

"கஷ்டமே அதுதான் சார். இன்னொரு தடவை இங்கேர்ந்து கம்ப்ளெயிண்ட் போச்சுன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. இன்னிக்குக் கண்டிஷனா சொல்லிட்டாங்க."

கங்கம்மா முனிரத்தினத்தைப் பார்த்தாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" முனிரத்தினத்தின் முகம் சுண்டிவிட்டது. "நீ தைரியமா போ தம்பி. இனிமே இந்த வீட்டுலேர்ந்து போன் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

ஆன் பண்ணவே தெரியாத மனுஷர் எதை நம்பிப் பொறுப்பேற்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்க இதமாக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரையும் கும்பிட்டான். கிளம்பும்போது பார்வை சமையலறைப் பக்கம் ஒரு தரம் போய்த் திரும்பியது. அதைக் கங்கம்மா பார்க்காமல் இல்லை.

அவனுடைய மொபெட் சத்தம் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் போய் ஓய்ந்தது. கனகவல்லி நகத்தைக் கடித்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

முனிரத்தினம் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இனிமே எந்த ஃபைலையும் அழிக்காதே கண்ணு. காஞ்சிபுரம் பெரியப்பா மட்டும் மாப்பிள்ளையைக் கல்யாணத்துலயே பார்த்துக்கட்டும்."