ஒரு லிட்டர் ஏரி

“எழுதிக்கோங்க, ஓங்தென். ஜூன் மூணு, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. தூறல். ஏரிப் பக்கம் காத்து பலம்.”

பீபோன், அதாவது ஊர்த்தலைவர், சோபேல் சொல்லச் சொல்ல, எழுத்தர் ஓங்தென் எழுதினார்.

“பலமா, மிகப் பலமா, ஐயா?”

“பலம். இங்க உக்காந்துக்கிட்டு ‘மிக’ எப்படித் தெரியும்?”

“அதுவும் சரிதான். நீங்க ஏரிக்குப் போயே ஒம்பது வருஷமாச்சு. மூணாவது வளைவிலேயே வாந்தி...”

“அதை எழுத வேணாம்.”

விசாரணை பீபோனின் வீட்டு அடுப்படியிலேயே நடந்தது. ஊர்ச்சபைக் கட்டடத்தின் கூரைத் தகரத்தைப் போன வாரக் காற்று கழற்றிக்கொண்டு போயிருந்தது. சிறு மேசையின்மேல் குற்றப்பொருள் நின்றது: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கழுத்துவரை தண்ணீர். ஊருக்குள்ளும் ஏரிச்சாலையிலும் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்ற விதியை எழுதியவர் சோபேல். குருதோங்மார் ஏரிக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று திரும்பிய ரின்சிங்கின் ஜீப்பில் அந்தப் பாட்டிலைக் கண்டெடுத்தவரும் அவரே.

“யாரோடது, ரின்சிங்?”

“பயணிங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க, ஐயா.”

“காலையில அவங்க பையையெல்லாம் நானே துழாவினேன். ஒரு அம்மாவோட மூக்குச் சொட்டு மருந்தைக்கூட விடலை.”

“அப்ப... காத்து கொண்டாந்து போட்டிருக்கும்.”

“மூடியைத் திருகி, துணியில சுத்தி, உன் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டுப் போச்சா? நல்ல பொறுப்பான காத்து.”

பீபோனின் மனைவி யாங்சென் வெண்ணெய்த் தேநீர் ஊற்றினாள். முதல் கிண்ணம் ரின்சிங்குக்குப் போயிற்று; கூடவே இரண்டு பிஸ்கட்டும்.

“குற்றவாளிக்கு எதுக்கு பிஸ்கட்?” என்றார் பீபோன்.

“இன்னும் தீர்ப்பு சொல்லலையே நீங்க” என்றாள் அவள்.

பீபோன் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். “உள்ள என்ன?”

“ஏரித் தண்ணி, ஐயா.”

“ஏரித் தண்ணி எடுக்கலாம். அது ஆசீர்வாதம். பாட்டில்தான் குத்தம்.”

“அப்ப தண்ணிக்கு விடுதலை, பாட்டிலுக்குத் தண்டனைன்னு எழுதட்டுமா?” என்றார் ஓங்தென்.

“சும்மா இருங்க. ரின்சிங், கடைசியாச் சொல்றேன். வண்டிக்காரன் பாட்டில்னா சீசன் முழுக்க ஏரிச் சவாரி கிடையாது. வேற வீட்டுப் பாட்டில்னா, அந்த வீட்டுத் தலைவர் திங்கக்கிழமை ஏரிக்குப் போய், மத்தியானம் காத்து கிளம்புற வரைக்கும் கரையில குப்பை பொறுக்கணும். பேரைச் சொல்லிட்டா நீ தப்பிச்ச.”

ரின்சிங் கிண்ணத்தைப் பார்த்தான். “சீசன் போனா எனக்கு வருஷமே போச்சு, ஐயா.”

“அப்ப சொல்லு.”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“எவன்கிட்ட?”

“அதைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரிதானே, ஐயா?”

யாங்சென் அவன் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். அவன் எழுந்தான்.

“வண்டி கழுவணும். தீர்ப்பை எழுதி என் சம்சாரம்கிட்ட குடுத்துடுங்க.”

“உக்காரு. தீர்ப்பை வீட்டுத் தலைவர் கையிலதான் குடுக்கணும். போன மாசம் தாஷி வீட்டுல மனைவி கையில குடுத்தது செல்லாதுன்னு நானே தள்ளுபடி பண்ணேன். மறந்துட்டியா?”

“ஊரே மறக்கலை, ஐயா” என்றார் ஓங்தென்.

ரின்சிங் அமர்ந்தான். மூன்றாம் முறையாக அவன் கிண்ணம் நிறைந்தது.

“சீக்கிரம் முடிக்கணும்” என்றார் பீபோன். “நாளைக்குப் பௌர்ணமி. பூஜைக்கு ஏழு கிண்ணம் துலக்கி, தண்ணி ஊத்தி வைக்கணும். எனக்கு வேற வேலை இல்லையா?”

தம் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார். அதில் வெண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. எட்டி ரின்சிங்கின் கிண்ணத்தைப் பார்த்தார். அதில் எலுமிச்சை அளவு வெண்ணெய்க் கட்டி நிம்மதியாக மிதந்தது. பிறகு, பூஜைக்கு ஏரித் தண்ணீர் கொண்டுவரும் தகரக் கேன் சுவரில் ஆணியில் தொங்குவதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பேனாவைக் குடுங்க.”

“நான் எழுதறேனே, ஐயா...”

“வேணாம். இதை நானே எழுதறேன்.”

எழுதினார். ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். கையெழுத்திட்டார், முத்திரையை வாயால் ஊதி ஈரமாக்கிக் குத்தினார்.

ரின்சிங் எழுந்து, கண்களை மூடிக்கொண்டு, இரு கைகளையும் நீட்டினான். தாள் அந்தக் கைகளைக் கடந்து சென்று, கெட்டிலோடு நின்ற யாங்சென்னின் முன் நின்றது.

“கேன் ஒழுகுதுன்னு மூணு மாசமா சொல்லிட்டு இருக்கேன்” என்றாள் அவள். “பூஜைக்கு ஏரித் தண்ணிதான் வேணும்னு அடம் பிடிச்சது யாரு?”

கெட்டிலை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பீபோனுக்குக் காட்ட வேண்டிய மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் தலை தாழ்த்தி, இரு கைகளாலும் அதை அவரிடமே திருப்பி நீட்டினாள்:

“என் கையில குடுத்தா செல்லாதுங்க. வீட்டுத் தலைவர் கையிலதான் குடுக்கணும்.”