செத்தவன் சிரிக்க வேண்டும்

பஞ்ச காலத்தில் கூட்ஸ் வண்டி ஏறித் திரிந்த கொள்ளைக்காரர்களைப் பற்றிய படம் அது. ரயிலை வாடகைக்கு எடுக்க வக்கில்லாத கம்பெனி, சிக்னலுக்காக நின்ற நிஜ கூட்ஸின் கூரையில் கொள்ளைக்காரனாக நடித்த துரைக்கண்ணுவை ஏற்றிச் சுட்டுக் கொன்றது. நன்றாகத்தான் செத்தான். ஆனால் படத்தில் செத்தவன் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருதடவை சிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தச் சாவு நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும் என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை. டைரக்டர் அதற்குள் கட் சொல்லிவிட்டார்.

"சார், இன்னும் சிரிக்கல சார்!"

"பிலிம் இல்லப்பா. சிக்னல் போட்டுட்டான், எறங்கு."

"ஒரே ஒரு செகண்டு சார். வீட்ல அவ மாசமா இருக்கா."

வண்டி குலுங்கி நகர்ந்தது. குதிடா, குதிடா என்று கீழே எல்லோரும் கத்தினார்கள். துரைக்கண்ணு கூரையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கேமராமேன் செல்லப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சிரிங்கண்ணே, கேமரா ஓடுது!"

துரைக்கண்ணு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். சிரித்தபடியே பார்த்தான். கட் சொன்னதும் போட்ட லென்ஸின் மூடி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. வண்டி, இனி குதிக்க முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.